ஏழுமலை அண்ணன் ஜெயித்த ஆட்டம்

போன வாரம் சேக்காட்டில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தது. கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரோடு புதுத் தரைவிரிப்பின் வாசனை. பல்வலி மறந்து தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குப் போய்விட்டேன்.

அப்போது ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் நான் ஆசிரியர். ஆசிரியர் என்றால், மாணவர்களைவிடப் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் முன்னால் இருப்பவன், அவ்வளவுதான். அங்கேயும் ஏசி, தரைவிரிப்பு; செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

சேர்க்கை மந்தமாக இருந்ததால் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் இருந்த செஸ் விளையாட்டோடு ஊரிலேயே நன்றாக ஆடுகிறவரை மோதவிட்டுத் தோற்கடித்துக் காட்ட வேண்டும். பக்கத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அப்படி ஒருவர் இருந்தார். அந்தத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த ஏழுமலை அண்ணன். பட்டம் எதுவும் வாங்கியதில்லை. ஆனாலும் பட்டாபிராம் வரைக்கும் அவர் 'கிராண்ட்மாஸ்டர்'தான். பாதி ஆட்டத்தைக் காயால் ஆடுவார், மீதியை வாயால். எதிராளி யோசிக்கும்போது எதையாவது பேசிக் குழப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலெல்லாம் ஜனம். திரையில் கம்ப்யூட்டர் காட்டுகிறபடி பலகையில் காயை நகர்த்துவது என் வேலை. கம்ப்யூட்டருக்குக் காது இல்லை என்பது புரிந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, இதுக்கு மூச்சு வாங்குது போலகீதே? ஒரு சோடா வாங்கி ஊத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குதிரையை நகர்த்தி வைத்தேன். அண்ணன் ராணியை இறக்கி, "செக் மேட்" என்றார். திரையைப் பார்த்தேன். அங்கே குதிரை வேறு கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு காயைச் சரியாக வைக்கத் தெரியாதவனா கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறான் என்பார்களே! சத்தமில்லாமல் மானிட்டரை அணைத்தேன். அதற்குள் அண்ணனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து அவர் தனியாக வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "இன்னொரு ஆட்டம் போடு" என்றார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று ஆட்டம் ஆடினார், மூன்றிலும் தோற்றார். காய்களைப் பெட்டியில் அடுக்கியபடியே கேட்டார்: "நேத்து அந்தக் குதிரைய எங்க வச்சிருக்கணும்?"

சொன்னேன். திட்டவில்லை. "அதான பார்த்தேன். அது அவ்ளோ மோசமா ஆடாதே" என்றார்.

அடுத்த ஞாயிறு குவார்ட்டர்ஸ் மன்றத்தில் அவருக்குப் பாராட்டு. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் ஜெயிக்கல. தம்பி காய மாத்தி வச்சிட்டான். அப்பால அதுகிட்ட மூணு தபா தோத்துக்கீறேன்."

நான் நாற்காலிக்கு அடியில் இடம் தேடினேன். அப்புறம் பாருங்கள், கைதட்டல் கூரையைப் பிய்த்தது! "இன்னா அடக்கம் பாருய்யா!" என்றார் பக்கத்தில் இருந்தவர். அண்ணன் கையை ஆட்டி மறுக்க மறுக்க இன்னொரு மாலை விழுந்தது. அன்றைக்கு அவர் முகம் போன போக்கு எந்தத் தோல்வியிலும் போனதில்லை.

எங்கள் மையத்தில் சேர்க்கை குவிந்தது. ஒரு டர்னர் அடக்கிய மிஷின் நம் பிள்ளைக்கு அடங்காதா என்று பெற்றோர் நினைத்தார்களாம். முதலாளி எல்லாம் தன் மூளை என்றார்.

மையம் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் யாரையும் ஜெயிக்கும் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; அதில் யாருக்கும் வருத்தமும் இல்லை. நம்ம ஆள் ஒரு மிஷினிடம் தோற்பாரா என்று, அவரே சொல்லியும் நம்ப மறுத்தார்களே, அந்தப் பிடிவாதத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.