நுரைக்காத நாற்பத்தெட்டு பாட்டில்கள்

பீர் பாட்டிலைத் திறந்தால் ஒரு சத்தம் வர வேண்டுமாம். அது வரவில்லை என்பதற்காக ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. நான் பீர் குடிப்பவள் இல்லை. ஆனாலும் அந்த இழவில் எனக்குப் பங்கு இருந்தது, அதுவும் பெரிய பங்கு.

2001 நவம்பர், அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ. என் கணவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் புரோகிராமர். நான் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் மாத்திரைகளைப் பரிசோதிப்பவள். அவருடைய விசா வேலையோடு போனதால் என் விசாவைப் பிடித்துக்கொண்டு நாட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அதற்கு வந்த காகிதத்தில் அவருக்கு ‘டிபென்டென்ட்’ என்று பெயர். அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார். மறுநாளிலிருந்து ஷேவ் செய்வதை விட்டுவிட்டார்.

பீர் காய்ச்சும் சாமான்கள் அவருடன் ஒரே நாளில் வேலை இழந்த அமெரிக்கர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, ஒரு குழாய், பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி, நாலு பக்கக் குறிப்பு. செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு யாரும் யாரையும் வேலைக்கு எடுக்கிற வழியாக இல்லை. ரெஸ்யூமே அனுப்பி ஓய்ந்துபோன மனிதர் ஒரு நாள் அந்த வாளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். வீட்டில் இருக்கிற ஆள் எதையாவது கழுவினால் லாபம்தானே.

அக்கம்பக்கத்தார் குடித்துவிட்டு ரீசைக்கிளிங் தொட்டியில் போட்ட பழுப்பு பாட்டில்களைப் பொறுக்கி வந்து, லேபிள் ஊறுவதற்காகப் பாத்டப்பில் போட்டார். மூன்று நாள் நான் சமையலறை சிங்க்கில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஏன் என்று கேட்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிப் படுக்கிறவளுக்குச் சண்டை போடுவது ஓவர்டைம்.

தீபாவளியன்று, நான் வேலையில் இருந்தபோது, அவர் பாட்டில்களை நிரப்பி மூடி அடித்திருந்தார். மொத்தம் நாற்பத்தெட்டு. இரண்டு வாரம் அசைக்காமல், வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும் என்றார். எங்கள் அபார்ட்மென்டில் அப்படி ஒரே இடம்தான் உண்டு. படுக்கையறையின் வாக்கின் கிளாசெட், ஆள் உள்ளே போய் நிற்கிற அளவு துணி அலமாரி. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர் ஹீட்டர். எங்கள் பூஜை அறையும் அதுதான். மேல் தட்டில் பிள்ளையார், பழனி முருகன் படம், ஒரு எலெக்ட்ரிக் விளக்கு. நிஜ விளக்கு ஏற்றினால் புகை அலாரம் அலறி ஃபயர் என்ஜின் வந்துவிடும்.

“சாமி காலடியிலயா பீரை வைப்பீங்க?”

“மேல் தட்டு சாமிக்கு, தரை எனக்கு. அவரு என்ன வாடகை குடுக்கறாரா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று குனிந்து, வெளிச்சம் படாமல் இருக்க பாட்டில்களை அடுக்கிய இரண்டு அட்டைப்பெட்டிகளின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார்.

தீபாவளி முடிந்ததும் கந்த சஷ்டி வந்துவிடும். நான் பெரிய பக்தை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருஷம் ஆறு நாளும் விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். முதல் நாள் விடியற்காலையில் குளித்துவிட்டுப் போய் நின்றால் முருகனுக்கு நேர் கீழே நாற்பத்தெட்டு பாட்டில். கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. அவர் ஹாலில் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் பத்து மணி வரை தூங்குவார். இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் பால்கனி ஸ்டோர் ரூமில் வைத்தேன். அவை இருந்த இடத்தில் இரண்டு சூட்கேஸ்களை வைத்து அதே போர்வையைப் போர்த்தினேன். ஏழாம் நாள் காலையில் பழையபடி கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

குளிரில் வைத்தால் கெட்டுவிடுமோ என்று யோசிக்காமல் இல்லை. பீர் வாளியில் இரண்டு வாரம் பொங்கி அடங்கிவிட்டது. புளித்து முடிந்த இட்லி மாவை ஃபிரிஜ்ஜில்தானே வைக்கிறோம், கெட்டா போகிறது? லேபில் வேலை பார்க்கிற எனக்கு அந்த நேரத்தில் மாவுக் கணக்குதான் தோன்றியது.

தேங்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை அவர் ஷேவ் செய்துகொண்டு வந்தார். திங்கட்கிழமை டெக்சாஸிலிருந்து ஒரு கம்பெனி போனில் இன்டர்வியூ செய்வதாக இருந்தது. ஐந்து மாதத்தில் வந்த முதல் அழைப்பு. அந்தத் தைரியத்தில், இரண்டு வாரம் ஆகும் முன்னாலேயே ஒரு பாட்டிலை எடுத்து வந்து திறந்தார். சத்தமே இல்லை. கிளாசில் ஊற்றினார். ஆறிப்போன டீயைப் போல அசையாமல் நின்றது. ஒரு வாய் குடித்துவிட்டு, “சப்புன்னு இருக்கு” என்றார்.

ஒரு மஞ்சள் நோட்டை எடுத்துவந்து, ஆபீசில் புரோகிராமில் பிழை தேடுகிற மாதிரி வரிசையாகக் காரணங்களை எழுதினார். எனக்கும் விளக்கினார். வாளியில் பொங்கியது ஒரு கட்டம்தானாம். அடைக்கும்போது போட்ட சர்க்கரையை பாட்டிலுக்குள் இருக்கிற ஈஸ்ட் தின்று காற்று விட வேண்டுமாம், அந்தக் காற்றுதான் நுரையாம். அதற்குச் சூடு வேண்டுமாம். நான் வெங்காயமும் கத்தியும் எடுத்துவந்து உட்கார்ந்தேன்.

மூடி லூசா? நாலு பாட்டிலைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. நோட்டில் அந்த வரியை அடித்தார். சர்க்கரை சரியாகக் கலக்கவில்லையா? பெட்டியின் நாலு மூலையிலிருந்தும் எடுத்துத் திறந்தார், நாலும் ஒரே மாதிரி சப். அதையும் அடித்தார். பீர் சாமான் விற்கிற கடைக்குப் போன் செய்தார். பாட்டில் குளிரில் இருந்ததா என்பதுதான் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி. “நோ, நோ, செவன்டி டூ டிகிரீஸ் ஃபாரன்ஹீட், கான்ஸ்டன்ட்” என்று பெருமையாகச் சொன்னார் இவர். கிளாசெட் சுவரில் ஒரு தெர்மாமீட்டரே ஒட்டியிருந்தார். போனை வைத்துவிட்டு நோட்டில் ‘டெம்பரேச்சர்’ என்ற வார்த்தையை இரண்டு கோடு போட்டு அடித்தார்.

நான் அங்கேயே வெங்காயம் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும், அழ வேண்டிவரும், சமையல் வேறு பாதியில் நிற்கும். அன்று எனக்கு அதற்கெல்லாம் முடியவில்லை. கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அசதி என்றுதான் நினைத்தேன்.

நோட்டில் எல்லாக் காரணமும் அடிபட்டுப் போனது. அவர் பேனாவை மூடினார்.

“எல்லாம் கரெக்டா இருக்கு. அப்ப நான்தான். என் கை ராசி அப்படி.”

“ஒரு பீருக்கு இப்படியா பேசுவீங்க?”

“பீரு இல்லம்மா. ஒரு கிட்டை வச்சு, பேப்பரைப் பாத்து செய்யறதையே ஒழுங்கா செய்ய முடியல. திங்கக்கெழமை அவன் என்ன கேட்டாலும் நான் உளறத்தான் போறேன். போன் கால் வேண்டாம்னு மெயில் போட்டுடறேன்.”

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தும்விட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது என் கையாலேயே நடந்துகொண்டிருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

“போடாதீங்க. டெம்பரேச்சர்தான். பாட்டிலை ஆறு நாள் நான்தான் பால்கனில வச்சிருந்தேன்.”

திரும்பிப் பார்த்தார். சூட்கேஸ், போர்வை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பித் திட்டக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப ஈஸ்ட் சாகல. தூங்குது, அவ்வளவுதான். அப்ப என் ப்ராசஸ்ல தப்பே இல்ல!”

எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இன்னும் பத்து நாள் சூட்டில் இருந்தால் போதும் என்றார். எழுதத் தொடங்கியிருந்த மெயிலை அழித்தார். ஐந்து மாதமாகப் பார்க்காத மனிதரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இத்தோடு முடிந்தது என்று மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தேன்.

“ஆமா, எதுக்குப் பால்கனில கொண்டு போய் வச்ச?”

“சஷ்டி விரதம். உங்க வேலைக்காக. கீழ பீரை வச்சுக்கிட்டு எப்படிக் கும்பிடறது?”

“விரதம்னா?”

“பாலும் பழமும்தான்.”

“ஒரு நாளா?”

“ஆறு நாளும்.”

அந்த ஆறு நாளும் இரண்டு வேளை அவருக்குச் சமைத்து வைத்தேன். ராத்திரி சோறு போட்டுக்கொடுத்து, எதிரில் டம்ளர் பாலோடு உட்கார்ந்திருந்தேன். என்ன, வெறும் பாலோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்பார் என்று பார்த்தேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் தலை சுற்றிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். அன்று குழம்பில் உப்பு கம்மி என்றார். இதையெல்லாம் சொல்லிக் காட்டத்தான் எனக்கு வெறி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, ஒவ்வொரு நாளாக அவரே யோசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

“நான் வீட்லதானே இருந்தேன்” என்றார் மெதுவாக.

“ஆமா. வீட்லதான் இருந்தீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுப்பில் வந்துவிட்டது. கல்யாணமாகி அதுவரை அவரிடம் அதைவிடக் கொடுமையாக நான் எதையும் சொன்னதில்லை.