பள்ளத்திலிருந்து வந்த பந்து

ஆடி பிறந்ததும் எங்கள் மலைக்கு ஒரு வாசனை வந்துவிடும். காய்ந்த மானாப்புல்லும் டர்பன்டைன் மரத்து இலையும் ஃபேக்டரி மாடியில் வாடப் போட்ட கொழுந்தும் ஒன்றாகக் கலந்த அந்த வாசனை, காற்றில் ஏறி தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் தகர இடுக்கு வழியாக எங்கள் காம்பரா அறைக்குள் புகுந்து, போர்வையிலும் ரொட்டியிலும் கூட ஒட்டிக்கொள்ளும். அந்தக் காற்றுக்கு உதடு வெடிக்கும், கொழுந்து குறையும், எங்கள் ஊவா மலைத் தேயிலைக்கு மணம் கூடும். "துரைக்கு வாசன, நமக்கு வறட்சி" என்பார்கள் பெரியவர்கள். என் மூக்குக்கு மட்டும் அது இன்றைக்கும் கால்பந்து வாசனை.

காரணம், மடுல்சீமைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் ஆடி மாதம்தான் பந்து விளையாடும் மாதம். கொழுந்து இல்லாததால் ஆட்களுக்கு நேரம் இருக்கும். ஆவணியில் தோட்டத்துப் பிரிவுகளான டிவிஷன்களுக்கு இடையே நடக்கும் பெரிய போட்டிக்கு முன்னால், மேல் லயமும் கீழ் லயமும் "சும்மா மேட்ச்" ஆடிப் பார்க்கும். அதில் ஒரு வருஷத்து ஆட்டத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வருஷம்தான் தங்கராசு அண்ணன் வீட்டுக்குப் பெரிய டீவி வந்தது. கொழும்பில் கடைவேலை செய்துவிட்டுத் திரும்பியவர் அவர். டீவியோடு ஒரு டிஷ் தட்டையும் கொண்டுவந்து கூரையில் நிறுத்தி, ஆடிக்காற்று தூக்கிப் போகாமல் நாலு பக்கமும் கம்பி இழுத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெளிநாட்டுப் பெரிய கிளப்புகள், தங்கள் ஊரில் சீசன் தொடங்குவதற்கு முன், ஆசியாவில் ஏதோ ஒரு நகரத்துக்கு வந்து தங்களுக்குள் ஒரு டோர்னமென்ட் ஆடின. அந்திப் பொழுதில் ஆட்டம் தொடங்கும்போது அண்ணன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இடம் பிடிக்க மேல் லயமே திரண்டுவிடும். கிளப்புகளின் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, அவ்வளவுதான்.

"சீசன் இன்னும் தொடங்கலங்க. அதுக்கு முந்தி ஒடம்ப முறுக்கெடுக்க ஆடுறாங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் கணக்கில்ல" என்று அண்ணன் விளக்கினார்.

மருதைக் கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களை மேய்க்கிற கங்காணி அவர். தொந்தி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். "கணக்கில்லாத ஆட்டத்துக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தானுங்க? நம்ம மலையில கணக்கில்லாம ஒரு கொழுந்து கிள்ளிற முடியுமா?" என்றார்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியபோது இஸ்தோப்பே டீவியை நெருங்கி வந்தது. சிவப்புச் சட்டையில் முன்பு ஆடிய ஒருவரையும் காணோம். பதினொரு பேரும் புது ஆள். பழைய ஆட்கள் ஓரத்தில் வரிசையாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அடப்பாவி! அத்தன பேருக்கும் அரைப்பேர் போட்டுட்டானே!" என்று முதலில் கத்தியது என் அம்மா.

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு நாள் வேலை என்பது ஒரு "பேர்". சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர் விழும். குறைந்தால் "அரைப்பேர்", பாதிச் சம்பளம். ஆடி மாதத்தில் செடியிலேயே கொழுந்து இருக்காது என்பது கங்காணிக்கும் தெரியும், இருந்தாலும் அரைப்பேர்தான். ஆகவே அம்மா கத்தியதும் பெண்கள் எல்லோரும் டீவியை விட்டுவிட்டு மருதைக் கங்காணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன்டி மொறைக்கிறீங்க? அந்தா கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறானே, அந்தக் கங்காணியக் கேளுங்க" என்றார் அவர்.

"அரைப்பேர் இல்லக்கா, எல்லாருக்கும் முழுச் சம்பளம். கூட்டிட்டு வந்த எல்லாரையும் ஆட விடணும்ல, அதுக்குத்தான்" என்றார் தங்கராசு அண்ணன்.

அம்மா ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இது நல்ல சட்டமா இருக்கே" என்றாள்.

அந்தச் சட்டத்தை லயத்துக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். எங்கள் ஆட்டத்தில் எப்போதும் கால் வேகமுள்ள இளவட்டங்களே ஆடுவார்கள். மற்றவர்கள் கை தட்டுவதோடு சரி. "இந்தத் தடவ டீவி மாதிரி. பாதியில எல்லாரும் வெளிய வந்துறணும். வந்தவன் திரும்பிப் போகக் கூடாது. ஆசப்பட்ட எல்லாருக்கும் பேர் விழணும்" என்று இரண்டு லயத்திலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். திரும்பிப் போகக் கூடாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. டீவியில் யாரும் திரும்பிப் போகவில்லை, அதனால் அதுவும் சட்டம் என்று முடிவாயிற்று. முதல் ஆளாக வந்து நின்றவர் மருதைக் கங்காணி. "எனக்கும் ஒரு பேர் போடு லெட்சுமி" என்றார்.

இதில் சிக்கிக்கொண்டவர் சந்திரன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. படிப்பு நின்ற பிறகு பந்தைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவர். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை; மறுநாள் திங்கட்கிழமை பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், அவர் பேரைப் பதிவதாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லியாயிற்று. பதிந்துவிட்டால் அவரும் அப்பா, தாத்தா மாதிரித் தோட்டத்து ஆள். "எந்தம்பி பேரு மட்டும் பெரட்டுல ஏறக் கூடாது சாமி" என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் முணுமுணுப்பாள். தங்கராசு அண்ணன் ஒரு வழி செய்திருந்தார். பதுளையில் ஒரு கிளப்பைப் பழக்கும் மாஸ்டரிடம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்டத்துக்கு வந்து, மேல் லயத்துச் சிவப்பில் மாமா போடும் ஒன்பதாம் நம்பர் சட்டையைப் பார்க்கும்படி கேட்டிருந்தார். அந்தக் கிளப்பை நடத்தும் முதலாளிக்கு ஹார்ட்வெயார் கடை உண்டு. கிளப்பில் எடுபட்ட பையனுக்குக் கடையில் வேலையும் உண்டு.

ஞாயிறு வந்தது, மாஸ்டர் வரவில்லை. பசறை தாண்டி பஸ் உடைந்து நிற்பதாக ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். கீழ் லயத்துக்காரர்கள் காத்திருக்க மாட்டோம் என்றார்கள். ஆட்டம் தொடங்கியது.

எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்தது. ஒரு பக்கம் மண்திட்டு, அதில் பெண்கள் உட்காருவார்கள். மறுபக்கம் செங்குத்தாகத் தேயிலைச் சரிவு. அதற்குப் "பள்ளம்" என்று பேர். திட்டுப் பக்கமிருந்து பள்ளத்தை நோக்கி அடிக்கும் ஆடிக்காற்று பந்தைச் சும்மா விடாது. ஆகவே எப்போதும் யாராவது கீழே தேயிலைக்குள் நின்று, விழுகிற பந்தைத் தேடி மேலே அனுப்ப வேண்டும். அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. அங்கே நின்றால் ஆட்டம் தெரியாது, மேலே நிற்பவர்களுக்கும் ஆளைத் தெரியாது.

முதல் பாதியில் மாமா பறந்தார். ஆனாலும் ஓடிக்கொண்டே அவர் கண் ரோட்டைத்தான் பார்த்தது. இடைவேளை விசில் ஒலித்தது. ரோட்டில் ஆள் இல்லை.

அம்மா திட்டிலிருந்து இறங்கி ஓடினாள். "சந்திரா, கொஞ்சம் பொறுடா. அந்த மாஸ்டர் சேர் வரட்டும்."

மாமா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நீதானக்கா சட்டம் போட்ட? இந்தா, கங்காணி சட்டைக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றார். இருந்ததே பதினொரு சிவப்புச் சட்டைதான். ஒன்பதாம் நம்பர் மருதைக் கங்காணியின் தொந்தியில் பாதிவரை இறங்கி நின்றது. மாமா பழைய பனியனோடு, பந்து தேடி அனுப்பப் பள்ளத்தில் இறங்கி மறைந்தார்.

விதியைப் பாருங்கள், அடுத்த பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், கால்சட்டை முழுக்கச் செம்மண் புழுதியோடு மாஸ்டர் நடந்தே வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்து மனுசர், மெலிந்த உடம்பு, கண்ணாடி. நாங்கள் உட்கார்ந்திருந்த திட்டிலேயே வந்து உட்கார்ந்து, ஒன்பதாம் நம்பரைத் தேடினார். கண்டுபிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அவரோ?" என்றார்.

பெண்கள் அதற்குள் தொடங்கிவிட்டார்கள். "கங்காணியாரே, ஓடுங்க! நிறை காணாது!" "இன்னைக்கு ஒங்களுக்கு அரைப்பேர்தான்!" கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி உதைத்தார். பந்து காற்றில் ஏறிப் பள்ளத்துக்குள் போயிற்று.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து பந்து எழுந்து வந்தது. காற்றை எதிர்த்து நேராக வராமல், ஒரு பக்கமாக விலகி ஏறி, அரிவாள் மாதிரி வளைந்து, பந்தை உள்ளே எறியக் கோட்டோரம் நின்ற பையனின் காலடியில் இறங்கியது. மாஸ்டர் அதைப் பார்த்தார். கங்காணி மறுபடி உதைத்தார், பந்து மறுபடி பள்ளத்துக்குப் போயிற்று, மறுபடி வளைந்து வந்து அதே பையன் காலடியில் விழுந்தது. மாஸ்டர் அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பள்ளத்து விளிம்பையே பார்த்தார்.

"கீழ நிண்டு பந்து அடிக்கிறது ஆர் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள். "எந்தம்பிங்க சேர். நீங்க பாக்க வந்த பையன். அரைப்பேர் போட்டு எறக்கிட்டோம்." சட்டத்தை அவள் விளக்க விளக்க மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிநேகபூர்வ ஆட்டத்தில வெளியால போனவர் திரும்பி வரலாம் தானே அம்மா? ரெண்டு பக்கமும் ஓமெண்டாச் சரி. ஆர் இந்தச் சட்டம் சொன்னது?"

"டீவில பாத்தோம் சேர்" என்றாள் அம்மா. அவள் முகம் விழுந்துபோயிற்று. அடுத்த நிமிஷம் எழுந்து நின்று, "கங்காணி! சட்டையக் கழட்டுங்க!" என்று கூவினாள்.

"எனக்கு இன்னும் பேர் விழல!" என்று கங்காணி மைதானத்தின் நடுவிலிருந்து பதில் கூவினார்.

"விடுங்கோ அம்மா, சட்டை வேண்டாம். இன்னும் ரெண்டு மூண்டு பந்து கீழ விழட்டும்" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். திட்டு முழுக்க ஒரே குரல்: "கங்காணியாரே, பள்ளத்துல போடுங்க!" ஏன் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு வேறு மாதிரி உதைக்கவும் தெரியாது. போட்டுக்கொண்டே இருந்தார். பந்து வந்துகொண்டே இருந்தது. கீழே நின்ற மாமாவுக்குத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பதே தெரியாது. அந்தப் பந்துகளை அவர் யாருக்காகவும் அடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து, கை காலெல்லாம் தேயிலைக் குச்சி கீறிய கோடுகளோடு மாமா மேலே வந்தபோது, மாஸ்டர் எழுந்து, "வாற கிழமை பதுளைக்கு வாரும் தம்பி" என்றார். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா கங்காணியைப் பார்த்து, "நாளைக்குப் பெரட்டுல எந்தம்பி பேரக் கூப்புட்டுறாதீங்க" என்றாள்.

"நான் எதுக்குக் கூப்புடுறேன்? அவனப் பதுளைக்கு அனுப்புனதே நாந்தானே" என்றார் கங்காணி. சாகும்வரை ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய்யும் இல்லை.

யார் ஜெயித்தது என்று எங்கள் லயத்தில் யாருக்கும் நினைவில்லை. தங்கராசு அண்ணன் சொன்னதுபோல அது கணக்கில் சேராத ஆட்டம்.

இப்போது நான் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். தோட்டத்துக்குப் போனால் மைதானத்தில் பாதி தனி வீடுகளாகிவிட்டது, பாதியில் இலுக்குப் புல் இடுப்புயரம் நிற்கிறது. பள்ளத்துத் தேயிலை காடாகிப் போனது. தங்கராசு அண்ணனின் கூரைத் தட்டில் யாரோ மிளகாய் காயப் போட்டிருக்கிறார்கள். மாமா கிளப்பில் சில வருஷம் ஆடி, முழங்கால் போனதும் நிறுத்தி, அதே ஹார்ட்வெயார் கடையில்தான் இன்னும் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற ஆடியிலும் சீசனுக்கு முந்திய டோர்னமென்ட் நடந்தது. மாமா கடை பூட்டிவிட்டு என் கடைக்கு வந்தார். ஃபோனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்து இருவரும் பார்த்தோம். இடைவேளைக்குப் பிறகு வழக்கம்போல எல்லோரும் புது ஆள். பழையவர்கள் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்து வெளியே போனதும் யாரும் தேடவில்லை. அந்தக் கணமே ஒரு புதுப் பந்து உள்ளே வந்தது.

மாமா ஃபோனுக்குக் கிட்டே குனிந்து அந்த வரிசையைப் பார்த்தார்.

"இத்தன பேரு சும்மா ஒக்காந்திருக்கானுங்களே பாப்பா, ஒருத்தன் கூடப் பள்ளத்துக்குப் போகலியா?" என்றார்.