வாங்க என்று சொல்லாத ஊர்

போன மாசம் விழுப்புரத்தில் ஒரு பாராட்டுக் கூட்டத்துக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. போகாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம் என்றும் தோன்றுகிறது. இப்படி ரெண்டுங்கெட்டான் மனசை வைத்துக்கொண்டு என்னத்தைப் பத்தி எழுதுவது, சொல்லுங்கள்?

பாராட்டு யாருக்கு என்கிறீர்களா? மந்திரிக்கு இல்லை. மிராசுதாருக்கு இல்லை. நாடக நடிகருக்கும் இல்லை. ஒரு சயின்டிஸ்டுக்கு! கிருமி ஆராய்ச்சி செய்த ஒருவரை மேடையில் உட்கார வைத்து மாலை போடுவது என்பது நம்ம ஜில்லாவில் மழை பெய்கிற மாதிரி. எப்போதாவதுதான் நடக்கும்.

அவர் பெயர் டாக்டர் நல்லதம்பி. பிறந்தது, வளர்ந்தது ரங்கூன். படித்தது லண்டன். வேலை பார்த்தது சென்னையில் ஒரு லேபரட்டரியில். பேசுகிற தமிழ் அப்படியே பள்ளிக்கூடப் புத்தகம்.

அம்மை குத்துவது உங்களுக்கெல்லாம் தெரியும். கையில் கீறி, அம்மைப்பால் வைப்பார்கள். ஒரு வாரத்தில் கொப்புளம் எழும்பினால் பால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எழும்பவில்லை என்றால் குத்தியது தண்டம். நம்ம ஊரில் பாதிப் பேருக்குத் தண்டமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏன்? சென்னையில் ஐஸ் பெட்டியில் சௌக்கியமாக இருந்த பால், சித்திரை வெயிலில் திண்டிவனம் தாண்டுவதற்குள் செத்துவிடும். அந்த வெயிலில் நாமே பாதி செத்துவிடுகிறோம், பால் எந்த மூலைக்கு?

வெயிலில் சாகாத அம்மைப்பால் தயார் பண்ண முடியுமா என்று பார்த்தவர்தான் இந்த நல்லதம்பி. பார்த்தது சும்மா லேபரட்டரியில் உட்கார்ந்துகொண்டு இல்லை. விழுப்புரத்தில் இறங்கி, வாடகை சைக்கிள் பிடித்து, பக்கத்துக் கிராமமான காணைக்கு வந்து, நடு வெயிலில் பையைத் திறந்து, முதல் குத்து தன் கையிலேயே குத்திக்கொண்டு... வருஷக் கணக்கில் வந்தார். கடைசியில் ஜெயித்தும் விட்டார். சுற்று வட்டாரமெல்லாம் அம்மை கொள்ளை கொண்டு போன வருஷத்தில் காணை தப்பித்தது.

அதற்கு மெடல் வந்தது. மெடல் போய்ச் சேர்ந்தது லேபரட்டரியின் வெள்ளைக்கார டைரக்டருக்கு. ராஜபார்ட் வேஷம் கட்டியவர் ஒருத்தர், கைத்தட்டல் வாங்கியவர் இன்னொருத்தர். இதிலென்ன ஆச்சரியம்?

என் சிநேகிதர் வக்கீல் ஜம்புலிங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. "சர்க்கார் செய்யாட்டிப் போவுது, நாம செய்வோம்யா!" என்று குதித்தார். நல்ல மனுஷர். ஆனால் நம்ம ஊர் பாராட்டுக் கூட்டங்களுக்கு ஒரு வியாதி உண்டு — பாராட்டப்படுகிறவர் ரெடியாக இருப்பார், தலைமை வகிக்கிறவர் கிடைக்க மாட்டார். கலெக்டர் கேம்ப் போய்விட்டார். மிராசுதார் வீட்டில் கல்யாணம். அப்புறம் யுத்தம் வந்தது. எல்லாம் கூடி வருவதற்குள் டாக்டர் ரிட்டயராகி, நெஞ்சு வலி வந்து, கைத்தடியும் பிடித்துவிட்டார்.

கூட்டத்தன்று காலையிலேயே வக்கீலுக்கு முகம் சரியில்லை.

"என்னய்யா ஆச்சு?" என்றேன்.

"காணை ஜனங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சு, 'வாங்க வாங்க'ன்னு டாக்டரை வரவேற்கணும், அவ்வளவுதான். முடியாதுன்னுட்டாங்க! கூட்டத்துக்கு வர்றோம், வாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டோம்னு பதில் வருது. நன்றி கெட்ட ஜனங்க!"

இதை அவர் சொன்ன சத்தத்துக்கு வண்டிமேட்டில் இருந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்திருக்கும். அப்போதுதான் ஜட்காவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த டாக்டர் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். அதில் முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றி. வக்கீல் சால்வை போர்த்தினார். கடைசியில் டாக்டர் எழுந்தார்.

"மைக்ராஸ்கோப்பில்கூடப் பிடிபடாத அளவு சின்னக் கிருமி இது. வைரஸ் என்கிறோம். அதோடு பழகுவது எனக்குச் சுலபமாக இருந்தது. மனிதர்களோடு பழகுவதுதான் கடினமாக இருந்தது" என்று ஆரம்பித்தார். சபை சிரித்தது.

"இத்தனை வருஷம் காணைக்கு வந்திருக்கிறேன். ஒருவர்கூட என்னை வாங்க என்று சொன்னதில்லை. கிளம்பும்போது போய்ட்டு வாங்க என்று சொன்னதில்லை. வேப்ப மரத்தடியில் ஒரு சொம்பு கேப்பைக் கூழ் மட்டும் தவறாமல் இருக்கும். கூட வருகிற எங்கள் பியூன் நல்லவன், அவன் வைத்திருப்பான். மெடல் வராதது எனக்குப் பெரிதில்லை. அந்த ஊரில் ஒரே ஒரு வாங்க கேட்டிருக்கலாம். நான் செய்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும். என்ன செய்வது... செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை."

இப்போது சபை சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், சுவர் ஓரமாக, காணை ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் ஜங்ஷனுக்குப் போனோம். பட்டாளத்துக்காரர்கள் கூட்டம் வண்டி முழுக்க. டாக்டருக்கு ஒரு டிக்கெட் வாங்குவதற்குள் வக்கீலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எங்கள் ரெண்டு பேருக்கும் கிடைக்கவில்லை, எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பஸ்ஸில் இடம் பிடிக்க வக்கீல் முன்னாலேயே போய்விட்டார்.

வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். காணையில் கூலி வேலை செய்கிற முனியம்மா. பின்னால் கல்யாண வயசில் ஒரு பெண். முனியம்மா ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டையை நீட்டி டாக்டர் பக்கத்தில் வைத்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்கள்தானே அம்மா, முதலில் குழந்தையின் கையை நீட்டியது? ஊரே பின்வாங்கி நின்றபோது நீங்கள்தானே வந்தீர்கள்?"

முனியம்மா தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற பெண்ணை முன்னே இழுத்து, அவள் கையைத் திருப்பிக் காட்டினாள். புஜத்தில் வட்டமாகப் பழைய தழும்பு. டாக்டர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, குனிந்து, வெகு நேரம் பார்த்தார்.

"நன்றாகப் பிடித்திருக்கிறது" என்றார்.

கார்டு விசில் ஊதிவிட்டார்.

"போய்விட்டு வருகிறேன் அம்மா."

முனியம்மா கையைக் கூப்பினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வாய் மட்டும் திறக்கவில்லை. வண்டி நகர்ந்தது. டாக்டர் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தவன் நான். மறக்க மாட்டேன்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "ஏம்மா, உன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? வயசான மனுஷன் கெஞ்சறாரு. போய்ட்டு வாங்கன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும் உனக்கு?"

"எப்டி சாமி சொல்லுவன்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "அம்மா எறங்கியிருக்கிற வூட்ல வர்றவங்கள வாங்கன்னு சொல்லுவமா? போறவங்கள போய்ட்டு வாங்கன்னு சொல்லுவமா? சொன்னா அவளையும் சேத்துக் கூப்ட்ட மாரி ஆயிடாதா?"

"அது அம்மை கண்ட வீட்டுக்கு. இங்க ஏது அம்மை? இது ரயில்வே பிளாட்பாரம்!"

"இவரு யாரு சாமி? அவ எங்க போறாளோ, அவ பின்னாடியே போய்க்கினு இருக்கறவரு. இவரு பையில இருந்தது அவளோட பாலு. நீங்கதான அம்மைப்பாலுன்னு சொல்றீங்க? இவர வாங்கன்னு கூப்ட்டா அவளும் கூடவே வந்துடுவா."

அம்மை வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததா? அதை ஒரு மனுஷர்மேலேயே போர்த்திவிட்டார்கள் என்பதுதான் தெரியாது. வக்கீலுக்கும் தெரியாது. ரங்கூனில் பிறந்த டாக்டருக்குச் சுத்தமாகத் தெரியாது.

"அப்போ... உங்க ஊருக்கு அவர்மேல கோபம் இல்லையா?"

"கோவமா!" முனியம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எம் மூத்த பொண்ண அவ எடுத்துக்கினா சாமி. இவரு வந்தப்புறம் மிச்சம் இருந்த ரெண்டையும் தொடல. கூழு வெச்சது பியூனுன்னு சொல்லிகினு இருந்தாரே மேடையில... நான்தான் வெச்சன். வாங்கன்னு சொல்ல முடியல, கூழாவது வெப்பம்னு வெச்சன். ஆடி மாசம் கோயில்ல கூழ் ஊத்தறப்ப, மொதச் சொம்பு இவரு பேரச் சொல்லித்தான் எடுக்கறோம். இவரு திரும்ப எங்கூருக்கு வரவே கூடாது சாமி! வேலையே இல்லாம, வூட்ல நல்லா குந்திகினு இருக்கணும். அதான் எங்க வேண்டுதல்."

கேட்டீர்களா? அம்மை ஆராய்ச்சி செய்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு லண்டனில்தான் உண்டா? வண்டி அதற்குள் முண்டியம்பாக்கம் தாண்டியிருக்கும்.

பஸ்ஸில் வக்கீலிடம் சொன்னேன். பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடுகிற கரி பஸ். கூட்டேரிப்பட்டில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, பின்னால் இருந்த அடுப்பில் கரியைக் கொட்டி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருந்தார். வக்கீல், "நன்றி கெட்டவங்கன்னு சொல்லிட்டேனே... அவர் காதுல விழற மாதிரி சொல்லிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கடுதாசி போட்டுடுங்க" என்றார்.

இதைக் கடுதாசியில் எழுத முடியுமா? முனியம்மா பேசியதை அவள் குரலில், கண்டிப்பாக நேரில்தான் சொல்ல வேண்டும். சென்னைக்கு டிக்கெட் கிடைத்ததும் புறப்பட்டேன். வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் கூழ் விஷயத்தைச் சொல்லிவிடலாம், சிரிப்பார், அப்புறம் மற்றதெல்லாம்...

டாக்டர் வீட்டுத் தெருமுனையில் திரும்பினபோதே தெரிந்துவிட்டது. வாசலில் பெஞ்சுகள். வெளியே செருப்புக் குவியல். யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நெஞ்சு வலி. ரெண்டு நாள் முந்தி.

கூட்டம் கலைந்ததும் அவருடைய மனைவியிடம் போனேன். யார் என்று சொன்னேன். "விழுப்புரத்திலிருந்தா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "சால்வையைப் பத்திக்கூட ஒண்ணும் சொல்லல. 'கடைசி வரைக்கும் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல'ன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தார்."

இனிமேல் சொல்லி யாருக்கு என்ன? அப்படியும் சொன்னேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் உதவவில்லை. முன்னும் பின்னுமாக உளறி, கூழ், தழும்பு, ஆடி மாச முதல் சொம்பு, அவர் திரும்பி வரவே கூடாது என்ற அந்த வேண்டுதல் — எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தத் துணி மூட்டை. முடிச்சு அவிழ்க்கவே இல்லை. "பிரிக்க வேண்டாம்னுட்டார்" என்றார். தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாக மென்றார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். ரெண்டு பேரும் தின்றோம்.

ஏன்யா, அந்தக் கூட்டத்தை ரெண்டு வருஷம் முந்தி ஒரு மாட்டுக் கொட்டகையில், தலைவரே இல்லாமல் நடத்தியிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, விடுங்கள்.

கிளம்ப எழுந்தேன். செருப்பை மாட்டும்போது, பழக்கதோஷம், "போய்ட்டு வர்றேம்மா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று விழுங்கிக்கொண்டேன். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதே. கையை மட்டும் கூப்பினேன். அந்த அம்மாளும் கூப்பினார். போய்ட்டு வாங்க என்று அவரும் சொல்லவில்லை.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் வழக்கம் தெரியுமே!