இன்னொருவர் பக்கத்தில் ஏறிய மனைவி

ராணுவத்தில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்பேனர்தான். யார் வண்டி மக்கர் செய்தாலும் சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு அடியில் படுத்துவிடுவார். அவர் மனைவி முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்தார். பிள்ளைகள் இல்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் உடம்பெல்லாம் கிரீஸோட வருது" என்று கணவரைக் காட்டிச் சொல்வார்.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. கால் வீக்கம் மிஷின் மிதித்ததால் வந்தது என்று நினைத்து மாதக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கண்டுபிடித்தபோது நோய் முற்றியிருந்தது. டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும். பொது மருத்துவமனையில் அதற்கு நீண்ட வரிசை; முறை தள்ளித் தள்ளிப் போகும். ராணுவ மருத்துவமனையிலோ முன்னாள் வீரர்களின் மனைவிக்கு உடனே இடம் உண்டு. ஸ்பேனர் தெம்பாக அங்கே அழைத்துப் போனார்.

வரவேற்பில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னு இருக்கு" என்றார்.

"அப்ப பக்கத்துல நிக்கறது யாரு?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பிரம்மச்சாரியோடயா இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன்? வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்." வீடு வந்து சேரும்வரை அவரைப் பிரம்மச்சாரி என்றே கூப்பிட்டார். ஸ்பேனர் சிரிக்கவில்லை.

ராணுவப் பதிவு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மா நல்லவர். பரணில் கிடந்த பழைய கட்டுகளை இறக்கித் தூசு தட்டி, எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் பிடித்தார். திருமண விவரத்தைத் தட்டச்சு செய்த யாரோ, ஸ்பேனரின் படை எண்ணில் கடைசி இலக்கமான 1-ஐ 7 என்று படித்திருக்கிறார். கல்யாணம் வேறொருவர் பக்கத்தில் ஏறிவிட்டது.

"எங்க கணக்குல உங்க வீட்டம்மா இன்னொருத்தரோட மனைவி சார். அவரும் ரிட்டயர் ஆயிட்டார். 'இவங்க என் மனைவி இல்லை'ன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் மேலிடத்துல உத்தரவு போடணும்."

"நான் ரிட்டயர் ஆகறப்ப எல்லாத்தையும் காட்டித்தானேம்மா கையெழுத்து வாங்கினாங்க?"

எழுத்தர் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினார். 'திருமணமாகாதவர்' என்று இருந்தது. கீழே ஸ்பேனரின் கையெழுத்து. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று படிக்காமலே போட்டது. வீட்டில் மனைவி காத்திருப்பாளே என்ற அவசரம்.

அந்த இன்னொருவர் முகாமில் சமையல்காரராக இருந்தவர். வெளியூரில், ஒரு மாடி அறையில் ஒண்டிக்கட்டையாக இருந்தார். ஸ்பேனர் போய் விவரம் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"எனக்குத் தெரியும்ணே. ரிட்டயர் ஆகறப்பவே பார்த்தேன். மனைவின்னு ஒரு பேர் போட்டிருந்துச்சு. எனக்குத்தான் யாருமே இல்லையே, சிரிச்சேன். சொல்லணும்னுதான் நெனச்சேன். அப்புறம் அழிக்க மனசு வரலை. யாருக்கு என்ன நஷ்டம்னு விட்டுட்டேன்."

ஸ்பேனருக்குக் கை ஓங்கத் தோன்றியது. "யாருக்கு என்ன நஷ்டமா? அங்க அவ மூச்சு வாங்கிட்டுக் கெடக்காய்யா!"

சமையல்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, "அவங்ககிட்ட ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். ஸ்பேனர் வேண்டாவெறுப்பாகத்தான் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி முழுக்கக் கேட்டார். பிறகு, "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்கு ஏதாச்சும் சமைச்சு அனுப்பியிருக்கலாமில்ல, அண்ணே?" என்றார்.

அந்த 'அண்ணே'வைக் கேட்டதும் சமையல்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர் ஊர் திரும்பவில்லை. பஸ் நிலையத்துக்கு அருகே ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் உப்பில்லாமல் சமைத்துக் கொண்டுவந்தார். உப்பில்லாததையும் வாய்க்கு இதமாகச் செய்யும் கைப்பக்குவம் அவரிடம் இருந்தது. ஸ்பேனர் முதலில் அவர் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு, தான் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த நாள்களில் மனைவிக்குத் துணையாக அவரையே விட்டுவிட்டுப் போனார்.

உத்தரவு வரவில்லை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் போனார். இங்கே பொது மருத்துவமனையில் ஓர் இயந்திரம் பழுதாகி, வரிசை இன்னும் நீண்டது.

ஒரு நாள் காலை அந்த மருத்துவமனை நடைபாதையில் முறைக்காகக் காத்திருந்தார்கள். மனைவி கணவர் தோளில் சாய்ந்து, "பிரம்மச்சாரி, கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க, எலும்பு குத்துது" என்றார். ஸ்பேனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, தூங்குகிறாள் என்று நினைத்து ஸ்பேனர் மெல்லத் தட்டினார். அசைவில்லை. அப்புறமும் அவர் நிமிர்ந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு எழுத்தர் அம்மாவின் போன் வந்தது. "சார், சரியாயிடுச்சு! நாளைக்கே அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, மருத்துவ அட்டை ரெடி."

"வரேம்மா" என்று மட்டும் ஸ்பேனர் சொன்னார்.

மறுநாள் தனியாகப் போனார். எழுத்தர் அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். மனைவி என்ற இடத்தில் பெயர் இருந்தது, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

"சார்... நியாயமா இப்பவே இறந்த தேதியையும் சேர்க்கணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சேர்க்கலாம்மா. இன்னைக்கு வேண்டாம். ஒரு நாளாவது அவ என் பக்கத்துல இருக்கட்டும்."

எழுத்தர் தேதிக் கட்டத்தைக் காலியாகவே விட்டு மூடினார்.

அடுத்த வாரம் சமையல்காரரோடு போய் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தார். தேதி ஏறியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். சமையல்காரரும் கூடவே உட்கார்ந்தார். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது.