பித்தளைப் பூட்டும் என் தலையாட்டலும்

எனக்குக் கோத்து எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்வேன், சிலதை மறந்தும் இருப்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் இந்தப் பித்தளைப் பூட்டு கையில் தட்டுப்படுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது வெள்ளைக்காரன் காலம். என் வீட்டுக்காரர் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வேலை இன்னும் நிலைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் நிலைக்கும். இல்லாவிட்டால் கடலைக்காட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கோ சாக்கட்டியைக் கீழே வைக்க மனமில்லை.

சேலத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் பயிற்சி எடுத்து வந்தார். தமிழே பேசாமல், பொருளைக் காட்டியே இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் புது முறையாம். வந்த நாளிலிருந்து சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடித்ததும் என்னை எதிரே உட்கார வைத்துப் பழகிப் பார்ப்பார். சாவி செருகிய இந்தப் பூட்டை உயர்த்திப் பிடித்து, "திஸ் இஸ் எ லாக்" என்பார். பிறகு, "அண்டர்ஸ்டாண்ட்?" என்பார். புரிந்ததா என்று கேட்கிறார் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தால் தெரியும். நான் தலையாட்டுவேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் அவருக்கு ஒரே உற்சாகம். "ஏம்புள்ள, உனக்கே வெளங்குதுன்னா பசங்களுக்கு வெளங்காதா?" என்றார். அதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணுமே வெளங்கலீங்க. இல்லைன்னு சொல்லச் சங்கட்டமா இருந்துச்சு, தலையாட்டிப்போட்டனுங்க."

"இத்தனை நாளுமா?"

"ஆமாங்க."

பூட்டைக் கீழே வைத்தார். "அப்பப் பசங்களும் இப்படித்தான் ஆட்டறானுங்களா?"

"வாத்தியாரு கேட்டா எவனுங்க இல்லைம்பான்?"

அதோடு அந்த 'அண்டர்ஸ்டாண்ட்' போயிற்று. சொன்னதைச் செய்யச் சொன்னார். லாக்கை எடு என்று இங்கிலீஷில் சொன்னதும் நான் சாவியை உருவிக் கொடுத்தேன். ஒரு கணம் விழித்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் எது எதுவென்று எப்படித் தெரியும்? சாவியைத் தனியே வைத்தார். பிறகு, சாவியை வெற்றிலைப் பெட்டிக்குள் போடு என்பதுவரை ஒரு சொல் தமிழ் இல்லாமல் செய்துவிட்டேன்.

மறுநாள் பூட்டைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொழுது சாய வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் கழுவிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"பசங்க சொன்னது சொன்னபடி செஞ்சுட்டானுங்க. திருப்தின்னு எழுதிட்டாரு. எந்தப் பயிற்சியில இதைக் கத்துக்கிட்டீங்கன்னாரு."

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"ஊட்டுலன்னேன்."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. ஓய்வு பெறும்வரை அவர் எந்த வகுப்பிலும் புரிந்ததா என்று கேட்டதில்லை.

அவர் போய்விட்டார். பூட்டில் சாவி திரும்புவதில்லை. நான்தான் திருந்தவில்லை, டாக்டர் ஏதாவது கேட்டால் இன்றைக்கும் தலையாட்டிவிட்டு வருகிறேன். அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பென்றால் தப்பென்றே சொல்லுங்கள். கிழவி சங்கடப்படுவாள் என்று தலையாட்டிவிடாதீர்கள்.