லொறி போன பின்னும் இருந்த தவமணி அக்கா

தவமணி அக்காவின் செய்தி வந்தபோது நான் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். மூத்த மகளின் வீட்டு நிழல் மெல்ல நகர்ந்து இளைய மகளின் வீட்டுச் சுவரைப் போய்த் தொடுகிற நேரம் அது. எங்கள் குடியேற்றத்தில் கடல் கேட்காது, வயற்காற்றுத்தான் கேட்கும். ஆனாலும் பகல் தூக்கத்தில் எனக்கு அலைச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குள்ளே இளையவள் றிசானாவின் குரல் வந்தது.

"உம்மா, எழும்புங்க. தவமணி மாமிட மூத்த மகன் கோல் எடுத்தார். மாமி போயிட்டாங்களாம்."

"ஆரு போன?"

"தவமணி மாமி, உம்மா."

"அவ போற ஆள் இல்லையே புள்ள" என்றேன். தூக்கக் கலக்கத்தில் சொன்னது என்று மகள் நினைத்திருப்பாள். இல்லை, தெளிவாகத்தான் சொன்னேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடுகிற நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அவரது மூத்த மகன் கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி தமிழில் வகுப்புக்கே முதற்பிள்ளை, நான் எழுதித் தருகிறேன் உம்மம்மா என்றாள். நான் விடவில்லை. எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, என் பேச்சைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். ஆலையடிவேம்பில் அவரை அறிந்தவர்களும், எங்கள் பக்கத்தில் அவர் கையால் பால் விடாத பிளேன்ரீ குடித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். நான் சொல்வது குறைந்தால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போனபோது, கல்முனைக்குடியில் எங்கள் வீடுகள் வரிசையாக நின்ற ஒழுங்கை இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. அங்கே திரும்பக் கட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஒரு விளையாட்டுத் திடலில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். ஒரு நாள் அக்கரைப்பற்றிலிருந்து லொறியில் சோற்றுப் பார்சல் வந்தது. தொண்டர்கள் இறங்கினார்கள், கொடுத்தார்கள், திரும்ப ஏறினார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு தமிழ்ப் பெண் மட்டும் ஏறாமல் என் கொட்டில் வாசலில் குந்திவிட்டார். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர்.

"அக்கா, லொறி வெளிக்கிடப் போகுது."

"போகட்டும் புள்ள. எனக்கு பஸ் இரிக்கி."

"இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க?"

"தெரியாது. நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"எங்களுக்கும் தெரியா."

"அப்ப நல்லம். ஒண்டா இருந்து யோசிப்பம்."

அவ்வளவுதான் எங்கள் அறிமுகம். அதற்குப் பிறகு எத்தனையோ லொறிகள் வந்தன, போயின. அவர் பஸ்ஸில் வந்துகொண்டே இருந்தார். எந்தக் கந்தோரும், எந்த நிறுவனமும் அவரை அனுப்பவில்லை. உன் ஊரில் உனக்கு வேலை இல்லையா என்று அவருடைய ஆட்களும் கேட்டார்கள், இந்த மனிசிக்கு எங்களிடம் என்ன வேண்டும் என்று எங்கள் ஆட்களும் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் அவர் ஒரே சிரிப்பைத்தான் கொடுத்தார்.

வந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் என்ன போனது என்று கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துபோன கேள்வி அது. தவமணி அக்கா வேறொன்று கேட்டார்: "உங்கட ஊட்டுக்குப் பக்கத்துல ஆரு இருந்த?" கேட்டுவிட்டு, பிள்ளைகளைக் கொண்டு சிப்பியும் ஓட்டுத் துண்டும் பொறுக்குவித்து, திடலின் மணலில் எங்கள் ஒழுங்கையைத் திரும்ப வைக்கச் சொன்னார். ஒரு வீட்டுக்கு ஒரு சிப்பி. ஆளுக்கொரு பக்கமாகக் குந்தி வைக்கத் தொடங்கினோம்.

"என்ட கொய்யா மரத்த ஏன்கா உங்கட வளவுக்குள்ள வச்ச?" என்று பக்கத்து வீட்டுச் செய்னம்பு ராத்தா என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"வேர் உங்கட பக்கம், காய் விழுந்த எங்கட பக்கம். அப்ப ஆருட மரம் அது?" என்றேன்.

"மரம் என்ட. காயத் திண்ட நீங்க. கடல் வந்தும் இந்த வழக்குத் தீரல்ல பாருங்க!"

கடலுக்குப் பிறகு நாங்கள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டோம், சிரிக்கலாமா என்று பயந்து. திரும்பி வராதவர்களின் வீடுகளுக்கும் சிப்பி வைத்தோம். வெயில் சாய்ந்த பிறகு பெண்கள் ஒவ்வொருவராக அந்தச் சிப்பி ஒழுங்கையில் நடந்து போனார்கள். தன் வீட்டடிக்கு வந்ததும் செய்னம்பு ராத்தா தலையைக் குனிந்தார். அவருடைய பழைய வாசல் தாழ்வானது, குனிந்துதான் நுழைய வேண்டும். அங்கே வாசலும் இல்லை, கதவும் இல்லை. ஆனாலும் குனிந்தார். எங்களில் யாருக்கும் அது புதுமையாகத் தெரியவில்லை.

புதுக்காணியில் வீடுகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பதாகத்தான் இருந்தது. தவமணி அக்கா அதிகாரிகளை ஒருவர் பின் ஒருவராக அந்த மணலுக்குக் கூட்டி வந்து காட்டினார். "இவங்களுக்கு ஊடு மட்டும் போகல்ல ஐயா. அக்கம்பக்கமும் சேர்ந்துதான் போயிருக்கு" என்றார். கடைசியில் ஒரே ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு ஒரே வரிசை என்று முடிவானது.

காணி வயல் ஓரத்தில் கிடைத்தது. குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்த ஒவ்வொரு வளவிலும் சுண்ணாம்பால் சதுரம் போட்டு முளை அடித்திருந்தார்கள். வளவின் சரி நடுவில் வீடு. நடுவில் வீடு என்றால் பார்வைக்கு அழகு என்று கூட்டத்தில் எங்கள் ஆண்கள் சம்மதித்துவிட்டார்கள், என் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான். எங்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வீடு என்கிற சொல்லே கனவாகிப் போயிருந்த காலம். சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் நின்று, இது அடுப்படி, இது தொழுகிற இடம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம்.

தவமணி அக்கா கோட்டுக்குள் வரவில்லை. வளவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "மூத்தவளுக்கு இந்த ஊடு. சின்னவ எங்க நிக்கிற?"

அப்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது. எங்கள் வழக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். மூத்தவளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு அதே வளவில் இன்னொன்று எழுப்புவோம். நடுவில் வீடு வந்தால் நான்கு பக்கமும் கோழி உலாவத்தான் இடம் மிஞ்சும். என் றிசானா அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவள் எங்கேயோ தூரத்தில், யாரோ ஒருவரின் வளவில் நிற்பதுபோல் என் கண்ணுக்குள் ஒரு காட்சி வந்து போனது.

கட்ட வந்த என்ஜினியர் நல்ல பொடியன். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். வீடுகளை மூலைக்குத் தள்ளலாம், ஆனால் தண்ணீர்க் குழாய் நேராகப் போவதால் ஒரு வரிசையில் எல்லோரும் சம்மதித்தால்தான் தள்ளலாம் என்றார். எங்கள் வரிசையில் எல்லோரும் சம்மதித்தார்கள், பக்கத்து வளவு மைமூன் மட்டும் மறுத்துவிட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஆம்பிளப் புள்ள. நாளைக்கு ரெண்டும் எவளோ ஒருத்திட ஊட்டுக்குப் போயிரும். நான் என்னத்துக்கு மூலையில குந்தணும்? எனக்கு நடுவுலதான் வேணும், நாலு பக்கமும் காத்து வர."

"அப்ப என்ட சின்னவ?"

"அது உங்கட பாடு."

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது, பேத்தி வாசிப்பாள். தவமணி அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினார். "மைமூன் சொல்றது ஞாயம். அவட ஊடு, அவட விருப்பம்" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. அவர் தொடர்ந்தார்: "நாளைக்கு ரெண்டு பேரும் என்ட வீட்டுக்கு வாங்க. மரவள்ளிக் கிழங்கு அவிச்சு வைக்கிறன்."

மைமூனும் நானும் பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசாமல் ஆலையடிவேம்புக்குப் போனோம். பெரிய வளவு. கூட்டிப் பெருக்கிய மணலில் ஈர்க்குக் கோடுகள் கலையாமல் கிடந்தன, அவற்றின்மேல் ஒரு காலடிகூட இல்லை. சரி நடுவில் வீடு. கிழங்கும் சம்பலும் வைத்தார். காற்று ஒரு யன்னலால் வந்து மறு யன்னலால் போனது. ஏதோ நீருக்கடியில் இருப்பதுபோல் அப்படி ஓர் அமைதி.

"மகன்மார் எங்க அக்கா?" என்று மைமூன் கேட்டாள்.

"மூண்டு பேரும் அவனவன்ட பொண்டாட்டிட வீட்டுல. எங்கட ஆக்களுக்கும் உங்களப் போலத்தான், வீடு பொம்பிளப் புள்ளைக்கு. எனக்கு ஒண்டும் பொம்பிள இல்ல." கிழங்கை அவள் பக்கம் தள்ளினார். "நல்ல காத்து என்ன மைமூன்? நாலு பக்கமும் வரும். கதைக்கத்தான் ஒரு பக்கமும் ஆள் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கலவர காலத்தில் தாம் ஓடி ஓடி இருந்த இடங்களைப் பற்றியும் அன்றுதான் கொஞ்சம் சொன்னார். "ஓடுற நேரம் எல்லாரும் ஒண்டா ஓடினம். திரும்பி வந்த பிறகுதான் தனித்தனியாப் போயிட்டம்." மைமூன் கிழங்குத் துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

திரும்பி வரும்போது சாய்ந்தமருது தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "மூலையிலயே வைக்கச் சொல்லுங்க. உங்கட சண்டையாவது காதுல விழட்டும்."

அடுத்த நாள் முளைகளைப் பிடுங்கினார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே உம்மா என்று என்ஜினியர் கேட்டார். எங்களுக்கே தெரியாது மகன் என்றேன். மைமூனுடைய வளவின் வெறும் பாதியில் இன்று எங்கள் வரிசைக் கல்யாணங்களுக்கெல்லாம் பந்தல் எழும்புகிறது, சமையல் சட்டி ஏறுகிறது. இன்னார் பந்தலுக்கு இத்தனை சட்டி என்று அதிகாரம் பண்ணுவது அவள்தான். ஆண்பிள்ளைகளைப் பெற்றவள் இந்த வரிசைக்கே மாமியாகிவிட்டாள்.

றிசானாவின் வீடு வளவின் மற்றப் பாதியில் எழும்பியது. கல்யாணத்துக்குத் தவமணி அக்கா வந்தார். வயது போய்விட்டது, பஸ்ஸில் வந்த களைப்பு. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தார். இரண்டு சுவரும் எட்டவில்லை. "போதும். ஒரு பாய் விரிக்க இடம் இரிக்கி" என்றார். விரித்துக் கொடுத்தேன். அவ்வளவு ஆரவாரத்துக்குள்ளே, பகல் வெளிச்சத்தில், பிள்ளைகள் அவரைத் தாண்டித் தாண்டி ஓட, அவர் தூங்கினார். மெல்லிய குறட்டையும் வந்தது. நான் பக்கத்தில் இருந்து விசிறினேன். அவருடைய முகத்தில் ஏதோ தூரத்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கண் திறக்காமலே கேட்டார்:

"லொறி போயிட்டா புள்ள?"

எந்த நாளுக்குள் அவர் போயிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது.

"போயிட்டு அக்கா."

"நல்லம்" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இறுதி நாளன்று மைமூனும் நானும் மகள்மாரும் போயிருந்தோம். மூன்று மகன்மாரும் அவரவர் வளவுகளிலிருந்து மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். கூட்டிய மணலில் கோடு ஒன்றும் மிஞ்சவில்லை, எங்கும் காலடி. உள்ளே நிற்க இடமில்லாமல் ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். மைமூன் என் காதருகில், "இண்டைக்கு நாலு பக்கமும் ஆள் இரிக்கி, பாருங்க" என்றாள்.

எனக்குச் சொந்தமென்று இப்போது வீடு இல்லை. ஒன்று மூத்தவளுடையது, ஒன்று இளையவளுடையது. எங்கள் வழக்கம் அது, பெருமையோடுதான் கொடுத்தேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது நடுவில் இருக்கிற பாயகல நிழல். அது தவமணி அக்கா எனக்கு வாங்கித் தந்த இடம். பகலில் அங்கே சாய்ந்தால் இந்தப் பக்கம் ஒரு மகளின் குரல், அந்தப் பக்கம் ஒரு மகளின் குரல், இரண்டுக்கும் அடியில் அந்த அலை. கண் சொருகும்போது பாயின் ஓரத்தில் வெள்ளைச் சேலை ஒன்று வந்து குந்தும். நான் கண் திறப்பதில்லை. பாயில் கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் விடுகிறேன்.

லொறி போயிட்டு அக்கா. நீங்க இருங்க.