கீழேயிருந்து வந்த ‘ஆஃப்’

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. எனக்கே நடந்தது. இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அன்றைக்கு எவ்வளவு குடித்திருந்தாய் என்று கேட்டார். மூன்றாவது ஆள் என் மனைவி. அவள் என் ஏணியைக் கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வந்தாள். இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து மிக்சியும் அயர்ன் பாக்ஸும் ரிப்பேர் பார்க்கிறேன். பத்தொன்பது வருடம் சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்தவனுக்கு இது ஒரு பிழைப்பா என்று கேட்காதீர்கள். எரிச்சல்தான் வரும்.

நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை, அதெல்லாம் கிடையாது. பட்டப்பகல். மணி இரண்டு.

மாடி அறையில் எந்தப் பல்பு போட்டாலும் ஒரு வாரம் தாங்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார் வீட்டுக்காரர். அறுபது வயதிருக்கும். தனி ஆள். மாடிக்குக் குடிவருகிறவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்துவிடுகிறார்களாம். “லைட் சரியில்லன்னா யாருப்பா இருப்பாங்க?” என்றார். நானும் தலையாட்டினேன்.

போர்டு மாடிப்படிக்குக் கீழே, ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. ஆறு சுவிட்ச். எது எந்த அறைக்கு என்று ஒன்றிலும் எழுதவில்லை. எழுதி வைத்தால் கை தேய்ந்துவிடும் போல. இந்த மாதிரி வீட்டில் ஒரே வழிதான். மேலே கம்பியில் ஒரு டெஸ்ட் பல்பை மாட்டிக்கொண்டு, கீழே ஒவ்வொரு சுவிட்சாக இறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் ஆள் வைத்து வேலை செய்கிறவன் இல்லை. அதனால் வீட்டுக்காரரையே போர்டு பக்கத்தில் நிற்க வைத்தேன்.

இதில் எங்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மேலே இருப்பவன் ‘ஆஃப்?’ என்று கேட்பான். கீழே இருப்பவன் சுவிட்சை இறக்கி, இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ‘ஆஃப்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ம்’ என்றால் செல்லாது. ‘ஆச்சு’ என்றாலும் செல்லாது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மேலே நிற்பவன் வெறுங்கையைக் கம்பியில் வைக்கிறான். அவன் உயிர் கீழே இருப்பவன் வாயில் இருக்கிறது.

“பாக்காம மட்டும் சொல்லிடாதீங்க சார்,” என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “தெரியும், தெரியும்,” என்றார்.

2.05. ஏணியில் ஏறினேன். “ஆஃப்?”

கீழே ‘டக்’ என்று சத்தம். கொஞ்சம் தயங்கி, “ஆஃப்,” என்றார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. இது இல்லை. அடுத்தது. அதுவும் இல்லை. மூன்றாவதில் பல்பு அணைந்தது. சரி, இதுதான் என்று சீலிங் மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.

2.14. லைனைப் பார்க்க ஒரு முறை ஆன் செய்யச் சொன்னேன். டக். “ஆன்.” மறுபடி ஆஃப். டக். “ஆஃப்.”

இப்போது தயக்கமே இல்லை. பத்து வருடம் என்னோடு வேலை பார்த்த ஆள் மாதிரி, நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில். பெரியவர் சீக்கிரம் கற்றுக்கொண்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

2.19. “ஆஃப்?”

டக். “ஆஃப். நியூட்ரலக் கழட்டிப் பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் முன்பு என் டெஸ்டரைப் பார்த்து ஸ்க்ரூ டிரைவர் என்று சொன்ன மனிதர் இவர். இருந்தாலும் கழற்றினேன். சொன்னது சரி. கரண்ட் திரும்பிப் போகும் அந்த நியூட்ரல் கம்பியின் இணைப்பு லூசாகி, கருகிப் போயிருந்தது. பல்பு போனதற்கு அதுதான் காரணம். நல்ல வேலைக்காரனுக்குத்தான் இது உடனே தோன்றும்.

2.24. ஆன் செய்யச் சொன்னேன். ‘டக்’ சத்தம் கீழே போர்டிலிருந்து வந்தது. “ஆன்” என்ற குரல்... படியின் நடுவிலிருந்து வந்தது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். காலி வீடு அல்லவா.

2.27. “ஆஃப்?”

டக். அதே இடம். கீழே.

“ஆஃப்.” இந்த முறை அறை வாசலில்.

“சார்... அங்கயே நில்லுங்க. மேல வராதீங்க.”



திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்க்கவில்லை.

2.31. “ஆன்...?” டக். “ஆன்.” “ஆஃப்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இந்த முறை டக் சத்தம் வரவில்லை.

“ஆஃப்.”

என் குதிகாலுக்குப் பக்கத்தில்.

பல்பைப் பார்த்தேன். எரியவில்லை. கையைக் கம்பிக்குக் கொண்டுபோனேன். ஒரு சாண் தூரம்...

ஏன் டெஸ்டரை எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

வைத்தேன்.

டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

கழற்றிய நியூட்ரலை நான் திரும்ப மாட்டவே இல்லை; ‘ஆன்’ என்றபோதும் பல்பு எரியாததை, குரல் வந்த திசையையே கவனித்ததில் பார்க்கத் தவறினேன். நியூட்ரலைக் கழற்றிவிட்டால் பல்பு எரியாது, ஆனால் கம்பியில் கரண்ட் இருக்கும். தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். பத்தொன்பது வருடம் ஆனவன் மறந்திருந்தேன்.

குதித்து இறங்கினேன். அறையில் யாருமில்லை. படியில் யாருமில்லை. போர்டு அலமாரி பூட்டியிருந்தது. வாசல் கேட்டும் வெளியே பூட்டியிருந்தது.

2.36. போன் போட்டேன்.

“மருந்துக் கடையில இருக்கேன்பா,” என்றார் வீட்டுக்காரர். “கிளம்பும்போது கத்திச் சொன்னேனே. நீகூட சரின்னியே.”

நான் சரி என்று சொல்லவே இல்லை. “எப்ப கிளம்புனீங்க?”

“ரெண்டு பத்து இருக்கும். பாதுகாப்பா இருக்கட்டும்னு மெயினையே இறக்கி, அலமாரியையும் பூட்டிட்டுதான் வந்தேன்.”

பையை அங்கேயே விட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்து ஓடிவந்தேன்.

தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர்தான் மற்றதைச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன் அதே அறையில் ஒரு எலக்ட்ரீஷியன் ஷாக்கடித்து இறந்திருக்கிறார். அன்றும் போர்டு பக்கத்தில் நின்றது வீட்டுக்காரர்தான். போனில் பேசிக்கொண்டே, சுவிட்சைத் தொடாமலே, ‘ஆஃப்’ என்று சொல்லியிருக்கிறார். தெருவுக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் இறந்தவரின் மனைவியைப் பார்க்கப் போனேன். தையல் வேலை செய்கிறார். நானும் எலக்ட்ரீஷியன் என்று மட்டும் சொன்னேன். பேர் சொல்லவில்லை.

“செத்ததகூட தாங்கிக்கிட்டேங்க,” என்றார். “தொழில் தெரியாம செத்தான்னு எழுதிட்டாங்க. அத ஒருத்தராவது வந்து இல்லன்னு சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அந்தக் காகிதத்தை எடுத்து வந்து காட்டினார். எங்கள் எலக்ட்ரீஷியன் சங்கத்தின் காகிதம். ‘இடத்தை நேரில் பார்த்தோம். இறந்தவரின் கவனக்குறைவே காரணம்.’ கீழே நான்கு கையெழுத்து.

மூன்றாவது என்னுடையது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம் சங்கச் செயலாளர் வண்டியிலிருந்து இறங்காமலே காகிதத்தை நீட்டினார். யாரோ ஒருத்தன் போயிட்டான், ஒரு கையெழுத்துப் போடு என்றார். எந்த வீடு என்றுகூட நான் கேட்கவில்லை. டீ ஆறிவிடுமே என்று அவசரமாகப் போட்டேன். பார்க்காமலே ‘ஆஃப்’ சொன்னவர்கள் இதில் மொத்தம் ஐந்து பேர். வீட்டுக்காரரை மட்டும் திட்டிக்கொண்டு வந்தேன் நான். வெட்கங்கெட்டவன்.

“இந்த நாலு பேர்ல ஒருத்தராவது அங்க போய்ப் பாத்திருப்பாங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“பாத்திருப்பாங்கம்மா,” என்றேன்.

தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பல்பு அணைந்தது.

அவர் பதறவில்லை. “அடிக்கடி இப்படித்தாங்க போகுது. ஏறிப் பாக்கறீங்களா? ஏணி பின்னால இருக்கு. அவரோடது.” எழுந்து சமையலறைப் பக்கம் போனார். “நான் போர்டுகிட்ட நிக்கறேன். எப்படிச் சொல்லணும்னு தெரியும். அவர் சொல்லிக்குடுத்திருக்கார்.”

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஏறினேன். மணி 2.31.

“ஆஃப்?” என்று கேட்டேன்.

டக்.

“ஆஃப்.”

பதில் இரண்டு குரலில் வந்தது.